ஞாபக சக்தி மருந்து: விற்குமுன்னும் விழுங்குமுன்னும் நாம் அறிய வேண்டியவை

மாசி மாதம் பிறந்துவிட்டால் நம் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஏனுங்க அண்ணா, பையனுக்குப் பப்ளிக் பரீட்சை வருதுங்க. ஞாபக சக்திக்கு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க" என்று தாய்மார்கள் கேட்பார்கள். பரீட்சை முடிந்த பிறகும் கேள்வி ஓய்வதில்லை. "வர வர எதை எங்க வெச்சேன்னே தெரியமாட்டேங்குதுங்க" என்று பெரியவர்கள் வருவார்கள். கிராஸ்கட் ரோடு ஆனாலும் நூறடி ரோடு ஆனாலும், அதற்கு அப்பால் உள்ள சந்துக் கடை ஆனாலும் இது நாம் எல்லோரும் அறிந்த விஷயம். வல்லாரைப் பொடி, பிரமி மாத்திரை, மூளைக்கு டானிக், நினைவாற்றல் சூரணம் என்று பல பெயர்களில் சரக்கு வந்து இறங்குகிறது. விநியோகஸ்தர் வைத்துவிட்டுப் போகிறார், நாம் அடுக்கி வைக்கிறோம், விற்கிறது.

வியாபாரிகளாகிய நமக்கும் இது சொந்த விஷயம்தான். ஒரு காலத்தில் ஞாபக சக்தியே வியாபாரியின் பாதி முதல். ரங்கே கவுடர் வீதி மண்டியில் இன்றைய துவரம் பருப்பு விலை, நேற்றைய விலை, யாருக்கு எத்தனை மூட்டை அனுப்பினோம், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் சிட்டையில் ஏறுமுன்னே மனதில் ஏறியிருக்கும். இன்று பில் மெஷினும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. என்றாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் வாடிக்கையாளரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும்போது சற்றுக் கலங்கத்தான் செய்கிறோம். நம் கடை அலமாரியில் இருக்கும் பாட்டிலையே நாமும் எடுத்துத் திறந்து பார்க்கிறோம்.

ஆகவே இந்தச் சரக்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு பலன் உண்டு, யார் சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது, விற்கும்போது நாம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

ஒரு பெயர், இரண்டு செடிகள்

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கோவை கேரள எல்லைக்கு அருகில் இருப்பதால் இந்தக் குழப்பம் நமக்குக் கூடுதலாகவே உண்டு.

நாம் வல்லாரை என்று சொல்வது வரப்பு ஓரத்திலும் ஈரமான இடத்திலும் தரையோடு படர்வது. இலை வட்டமாக, சிறுநீரக வடிவில், ஓரம் சற்றுப் பல் போல வெட்டுப்பட்டு இருக்கும். துவையலுக்கும் சட்னிக்கும் உழவர் சந்தையில் கட்டுக் கட்டாக வருவது இதுதான். நீர்ப்பிரமி என்பது வேறு. அது சதுப்பிலும் நீரோரத்திலும் வளரும். இலை சிறியது, தடித்தது, சதைப்பற்றானது. பூ வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ இருக்கும். கசப்பு அதிகம்.

கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரமி என்று சொல்லி விற்கிறார்கள். எனவே பாலக்காட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர் "பிரமி" என்று கேட்டால் அவர் மனதில் இருப்பது ஒன்று, வடக்கிலிருந்து வந்த பொட்டலத்தில் "பிரமி" என்று அச்சடித்திருப்பது இன்னொன்றாக இருக்கலாம். இரண்டுக்கும் உள்ளிருக்கும் சத்து வேறு, பலன் வேறு, எச்சரிக்கையும் வேறு. நாட்டு மருந்துக் கடை நடத்தும் நண்பர்கள் சரக்கு வாங்கும்போதே தாவரத்தின் விஞ்ஞானப் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குவது நல்லது. வல்லாரைக்கு சென்டெல்லா ஏசியாடிகா, நீர்ப்பிரமிக்கு பாகோபா மொன்னியேரி. பாக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

லக்னோவிலிருந்து நம் அலமாரிக்கு

ஞாபக சக்தி மருந்து என்றதும் மூத்த வியாபாரிகளுக்கு நினைவு வருவது 'மெமரி பிளஸ்'. 1990களின் நடுவில் வந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் நீர்ப்பிரமியிலிருந்து பிரித்தெடுத்த பாகோசைடு என்னும் சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியின் அடிப்படையில் சென்னையைச் சேர்ந்த வெல்வெட் நிறுவனம் மாத்திரையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாக்கெட் ஷாம்பு மூலம் நமக்கெல்லாம் பழக்கமான அதே வெல்வெட்தான். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத்தில் வந்தார். பரீட்சை சமயத்தில் பெற்றோர் தேடி வந்து வாங்கினார்கள். பாட்டி வைத்தியம் என்று இருந்த பச்சிலை, அட்டைப் பெட்டிக்குள் மாத்திரையாக உட்கார்ந்தது அப்போதுதான். பிறகு வந்த எத்தனையோ கம்பெனிகள் அதே வழியில்தான் நடந்தன.

சரி, பலன் உண்டா? உண்டு என்பதற்குச் சில ஆதாரங்கள் இருக்கின்றன. ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 46 பேருக்கு 12 வாரம் தினம் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சத்து, அல்லது அதே போன்ற வெறும் மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. 12 வாரத்தின் முடிவில் சத்து சாப்பிட்டவர்களுக்குக் கற்கும் வேகத்திலும் நினைவில் பதிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2002ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில் 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேர் கலந்துகொண்டார்கள். புதிதாகக் கற்றதை மறக்காமல் வைத்துக்கொள்வதில் பலன் இருந்தது. கற்கும் வேகத்தில் மாற்றம் இல்லை. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 54 பேரிடம் நடந்த ஆய்விலும் கேட்ட வார்த்தைகளைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் ஓரளவு முன்னேற்றம் கண்டார்கள். வயிற்றுக் கோளாறுதான் முக்கியமான பக்க விளைவாக இருந்தது.

இதிலிருந்து நாம் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பலன் மெல்ல வருவது. இந்த ஆய்வுகளெல்லாம் சுமார் மூன்று மாதம் நடந்தவை. பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு பாட்டில் வாங்கிக் கொடுப்பதால் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாங்கும் தாயிடம் இதைச் சொல்வது நம் கடமை.

இரண்டு, ஆய்வில் கொடுத்தது பிரித்தெடுத்த சத்து, இலைத் தூள் அல்ல. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஒரே எடைக்கு ஒன்றாகுமா? அதுபோல 300 மில்லிகிராம் சத்தும் 300 மில்லிகிராம் தூளும் ஒன்றல்ல. பாக்கெட்டில் சத்தா, தூளா, பாகோசைடு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

மூன்று, இவை பெரியவர்களிடம் நடந்தவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதற்கு இந்த ஆய்வுகள் பதில் சொல்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் ஜிங்கோ என்னும் மர இலைச் சத்தும் இப்போது நம்மூரில் கிடைக்கிறது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்த பெரிய ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டு வெளியானது. ஜிங்கோ சாப்பிட்டதால் மறதி நோய் வருவது குறையவில்லை. விலை அதிகம் என்பதற்காகப் பலனும் அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது.

'நூட்ரோபிக்' என்றால் என்ன?

இளைஞர்கள் இப்போது 'நூட்ரோபிக்' என்று கேட்கிறார்கள். இந்த வார்த்தையை 1972இல் உருவாக்கியவர் ருமேனியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய கொர்னேலியு ஜுர்ஜியா என்ற விஞ்ஞானி. அவர் இருந்த கம்பெனி 1964இல் பிராசிடாம் என்ற ரசாயனத்தை உருவாக்கியிருந்தது. மனதின் திறனைத் தூண்ட வேண்டும், உடலுக்குக் கெடுதல் மிகக் குறைவாக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட மருந்துக்குத்தான் இந்தப் பெயர் என்று அவர் வகுத்தார். இன்று தூக்கத்தை விரட்டும் மாத்திரை முதல் மூலிகைப் பொடி வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

பிராசிடாம் நம் நாட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்து மெடிக்கல் கடையில் வாங்க வேண்டிய மருந்து. அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. ரத்தக் கசிவு உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மோடாஃபினில் என்ற தூக்கம் விரட்டி, நோயாகவே அளவுக்கு மீறித் தூக்கம் வருபவர்களுக்காக டாக்டர்கள் கொடுப்பது. இரவு முழுக்கப் படிக்கவும், இரவு முழுக்க லாரி ஓட்டவும் சிலர் இதைத் தேடுகிறார்கள். அரிதாக என்றாலும் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை இது உண்டாக்கும். கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும். இவற்றை யாராவது 'பரீட்சை மாத்திரை' என்று நம் கடையில் வைத்து விற்கச் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

உண்மையில் நம்மூரில் அதிகம் விற்பனையாகும் மூளைச் சுறுசுறுப்பு மருந்து காப்பித்தூள்தான்! அளவோடு குடித்தால் கவனம் கூடும் என்பது நிரூபணமானது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை கெடுதல் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. ஆனால் உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் கடையில் வரவழைத்துக் குடிக்கும் டிகாக்ஷன் காப்பியில் பாதி, இரவு 11 மணிக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் ஞாபகம் கெடும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பலன் செய்யக்கூடிய எந்தப் பொருளும் கெடுதலும் செய்யக்கூடியதே.

நீர்ப்பிரமி சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வருவது போன்ற உணர்வு, வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி வெளிக்குப் போவது ஆகியவை வந்திருக்கின்றன. வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவோடு சாப்பிட்டால் இது குறையும். எலிகளிடம் நடந்த ஒரு சோதனையில் நீர்ப்பிரமி தைராய்டு சுரப்பைக் கூட்டியது. ஆகவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நாடித் துடிப்பு குறைவாக உள்ளவர்கள், ஆஸ்துமா, வயிற்றுப் புண் உள்ளவர்கள், வலிப்புக்கோ மறதி நோய்க்கோ மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோரும் அப்படியே.

வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவது வேறு, செறிவான மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. வல்லாரை மாத்திரை சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்ததையும், நிறுத்திய பிறகு குணமானதையும் 2005இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தினம் மது அருந்துபவர்களும் மாத்திரை வடிவில் சாப்பிடக் கூடாது. தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும்.

ஜிங்கோவை ஆஸ்பிரின் முதலான ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு ஏற்படலாம். ஸ்டென்ட் வைத்தவர்களும், பைபாஸ் செய்துகொண்டவர்களும் நம் வியாபாரிகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு முன் என்னென்ன மூலிகை சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்த வகை மாத்திரைகள் எதையும் தாமாகச் சாப்பிடக் கூடாது.

வசம்பு பற்றியும் ஒரு வார்த்தை. நினைவாற்றல் சூரணங்கள் பலவற்றில் வசம்பு சேருகிறது. அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. சித்த, ஆயுர்வேத முறையில் சுத்தி செய்து அளவோடு கொடுப்பது அந்த வைத்தியர்களின் பொறுப்பு. ஒரு ரூபாய்க்கு வசம்பு கொடுத்து "குழந்தைக்கு நாக்கில் தடவுங்க, புத்தி வளரும்" என்று நாம் சொல்லக் கூடாது.

அடுத்தது அசுத்தம். நீர்ப்பிரமியும் வல்லாரையும் ஈரத்தில் வளர்பவை. தண்ணீரில் ஈயம், காட்மியம் முதலானவை இருந்தால் அவற்றையும் இழுத்துக்கொள்ளும். நீர்ப்பிரமி இப்படி உலோகங்களை இழுத்துச் சேர்ப்பதில் பெயர் பெற்றது. சாக்கடை கலக்கும் குளத்தங்கரையிலும், சாயக்கழிவு ஓடிய நொய்யல் கரையிலும் பறித்த கீரை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். புத்தி வளர வாங்கியதே புத்தியைக் கெடுத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் 1945இல் வந்த விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ளவற்றைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது விதி. புற்றுநோய், வழுக்கை, சர்க்கரை நோய் என்று போகும் அந்தப் பட்டியலில் 'மூளைத் திறனைக் கூட்டுதல், ஞாபக சக்தியை மேம்படுத்துதல்' என்பதும் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். 1954ஆம் ஆண்டு மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் மூளைக் கோளாறுகளும் உண்டு. விளம்பரம் வெளியிடுவதில் பங்கு கொள்பவரையும் அந்தச் சட்டம் தொடும். ஆகவே "மறதி நோய் 30 நாளில் குணம்" என்ற அட்டையைக் கம்பெனிக்காரர் கொடுத்தால் கடை முகப்பில் மாட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கடை பெயரோடு அனுப்பாதீர்கள்.

ஆயுர்வேத, சித்த மருந்து விற்க நமக்குத் தனி விற்பனை லைசென்ஸ் தேவையில்லை. தயாரிப்பாளருக்குத் தேவை. லேபிளில் தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். உணவுத் துணைப் பொருளாக வந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்ற அர்த்தத்தில் ஆங்கில வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகம் இருக்கும் டப்பாவை மருந்து என்று சொல்லி விற்பது நாமே நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதாகும். பிள்ளைகளுக்கான மால்ட் பானங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய அரசு, போர்ன்விட்டா உட்பட்ட பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பிலிருந்து எடுத்துவிடும்படி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. பெட்டியின் பின்புறம் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, முன்புறம் உள்ள வாசகத்தை நம்பலாம்.

மறதிக்குக் காரணம் வேறாக இருந்தால்?

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மறதி ஒரு நோயல்ல, பல நோய்களின் அறிகுறி. அவற்றில் பல எளிதாகக் குணமாகக் கூடியவை. வல்லாரைப் பொடியைத் தின்றுகொண்டே ஆறு மாதத்தைக் கடத்திவிட்டால், குணமாகியிருக்க வேண்டியது குணமாகாமல் போய்விடும். இந்தச் சரக்கால் வரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான்.

பி12 என்ற வைட்டமின் குறைந்தால் மறதி, கை கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் வரும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் இது குறைய வாய்ப்பு அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகும். நாள் கடந்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுதும் திரும்பாது.

தைராய்டு குறைந்தாலும் மந்தமும் மறதியும் வரும். கல்லாவில் உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிப் புத்தி தடுமாறும். சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் ஆகியவை முதியவர்களுக்கு மறதியை உண்டாக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். வியாபாரம் நொடித்த பிறகு "எதுவுமே மனசுல நிக்கலைங்க" என்பவருக்குத் தேவை டானிக் அல்ல, மனநல மருத்துவர். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று தூங்குபவர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் மூளைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. காது மந்தமானவர் சொன்னதை மறந்தார் என்று நாம் நினைப்போம், அவர் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். மாவு மில், தறிக்கூடம், மண்டி என்று சத்தத்தில் காலம் கழித்தவர்கள் காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வயதானவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, அப்போது ஒன்றும் இல்லாமல் இருந்து, சில வாரம் கழித்து மறதியும் தூக்கக் கலக்கமும் வந்தால் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து கட்டியிருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆபரேஷன் செய்தால் பலர் பழையபடி ஆகிறார்கள். அப்படியல்லாமல் திடீரென்று பேச்சுக் குழறி, வாய் கோணி, ஒரு கை விழுந்து, ஆள் அடையாளம் தெரியாமல் போனால் அது பக்கவாதம். உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முதல் நாலரை மணி நேரம் மட்டுமே உண்டு.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, உலகில் இந்த நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொன்னது. அதற்கு அவர்கள் சொன்ன வழிகள் என்ன? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைக் கட்டுக்குள் வைப்பது, காதுக்குக் கருவி, கண் புரைக்குச் சிகிச்சை, புகையையும் அளவுமீறிய மதுவையும் விடுவது, உடலை அசைப்பது, நாலு பேரோடு பழகுவது. எந்த டப்பாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. நாலு பேரோடு பழகுவதில் கடைக்காரருக்குக் குறையேது? குறை, அசைவிலும் தூக்கத்திலும்தான். விடியலில் மார்க்கெட்டுக்குப் போய், இரவு பத்துக்குக் கதவை இறக்கும் நாம் நடப்பதும் குறைவு, தூங்குவதும் குறைவு.

வீட்டுக்கும் கடைக்கும் சில விதிகள்

நாமோ நம் வீட்டாரோ சாப்பிடுவதானால்:

மறதி புதிதாக வந்திருந்தால் முதலில் டாக்டர். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பி12 பார்த்த பிறகே மற்றவை. செலவுக்கு யோசிப்பவர்களுக்கு நம் கோவை அரசு மருத்துவமனை இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். நாலைந்து மூலிகை கலந்ததைச் சாப்பிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. உணவோடு, லேபிளில் உள்ள அளவுக்கு மீறாமல் சாப்பிட வேண்டும்.

ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 12 வாரம் பாருங்கள். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, அரிப்பு, தலைசுற்றல் வந்தால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு வல்லாரைத் துவையல் போதும். மாத்திரை வேண்டுமென்றால் சித்த அல்லது ஆயுர்வேத டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பரீட்சைக்கு முந்திய இரவில் நல்ல தூக்கம், படித்ததை மூடி வைத்துத் தானே சொல்லிப் பார்ப்பது, இவை இரண்டுக்கும் நிகரான மாத்திரை இதுவரை வரவில்லை.

கடையில் விற்பதானால்:

லேபிள் சரியில்லாத சரக்கு, பில் இல்லாத சரக்கு வேண்டாம். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, ஆபரேஷன் ஏதும் இருக்கிறதா?" என்ற மூன்று கேள்விகளைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். குணமாகும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "சிலருக்குக் கொஞ்சம் உதவும், மூணு மாசம் ஆகும், முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று சொன்னால் போதும்.

இப்படிச் சொன்னால் நூறு ரூபாய் வியாபாரம் போய்விடுமே என்று சிலர் கேட்கலாம். ஒரு நாள் போகலாம். ஆனால் நாம் சொன்ன பேச்சைக் கேட்டு டாக்டரிடம் போய், பி12 குறைவு என்று தெரிந்து, தெளிந்து திரும்பும் பெரியவர் தன் வீட்டு மாதச் சாமான் சீட்டை வேறு கடையில் கொடுக்கமாட்டார். இந்த மாதம் அலமாரியைத் துடைக்கும்போது ஞாபக சக்தி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிளைப் படித்துப் பார்ப்போம். நிற்கத் தகுந்தவை நிற்கட்டும், மற்றவற்றை விநியோகஸ்தரிடம் திருப்பிக் கொடுப்போம்.